ஒரு அரிசி மணி அளவு சிலிக்கனும் அதற்குள் போகும் பொசுபரசும்: மாசூட்டல் பற்றிய முழுமையான வழிகாட்டி

“சேர், பொசுபரசு போட்டா சிலிக்கனுக்கு மறை ஏற்றம் வந்திடும்தானே? அதாலதானே என்-வகை எண்டு சொல்றம்?”

திருகோணமலை உவர்மலையில் மாலை வகுப்பு எடுக்கும் எனக்கு ஆண்டுக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பது பெரும்பாலும் கெட்டிக்காரப் பிள்ளை. குறிப்பை மனப்பாடம் செய்கிறவர்களுக்கு இந்தச் சந்தேகமே வராது. “இல்லை மகன், பொசுபரசு அணுவுக்குக் கருவிலயும் ஒரு புரோத்தன் கூடத்தானே?” என்று சொன்னால் அந்தக் கணமே விளங்கிவிடும். ஆனால் அடுத்த கேள்வி கடினமானது: “அப்ப ஏன் சேர் இவ்வளவு கொஞ்சம் போட்டா இவ்வளவு கடத்துது?”

தூய சிலிக்கனுக்குள் பொசுபரசு போன்ற வேறு அணுக்களை மிகச் சிறிதளவு சேர்ப்பதே மாசூட்டல், சேர்க்கப்படுவது மாசு. இந்த வழிகாட்டி அந்த இரண்டாம் கேள்விக்கானது. உயர்தரப் பௌதிகவியல் படித்திருந்தால் போதும். ஒரு கணிப்பான், ஒரு மல்ரிமீற்றர், 10 கிலோ ஓம் தேர்மிஸ்ரர் (சூட்டுக்கேற்பத் தடை மாறும் உறுப்பு) ஒன்று, பீசி 547 திரான்சிஸ்டர் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டும் திருகோணமலை நகரில் எலெக்ட்ரோனிக்ஸ் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

படி 1: முதலில் வெறுமையை எண்ணுங்கள்

மாசு என்ன செய்கிறது என்று பார்க்க முன், மாசு போடாத சிலிக்கனில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பலர் தாவிப்போகும் படி இதுதான்.

சிலிக்கன் அணுவுக்கு நான்கு வலுவளவு இலத்திரன்கள். பளிங்கில் ஒவ்வொரு அணுவும் தன்னைச் சுற்றியுள்ள நான்கு அணுக்களோடு பங்கீட்டு வலுப்பிணைப்பில் நிற்கிறது. எல்லா இலத்திரனும் பிணைப்பில் கட்டுண்டு கிடக்கின்றன. ஒன்றைப் பிய்த்து எடுக்க 1.12 இலத்திரன்வோல்ற்று சக்தி வேண்டும். அறைவெப்பநிலையில் வெப்ப அசைவு கொடுக்கக்கூடிய சக்தியின் அளவோ 0.026 இலத்திரன்வோல்ற்று. நாற்பது மடங்குக்கு மேல் குறைவு. ஆகவே எங்கோ ஒன்றிரண்டு மட்டுமே தப்பித்து ஓடுகின்றன.

அந்த ‘ஒன்றிரண்டு’ எத்தனை? ஒரு கன சென்ரிமீற்றர் சிலிக்கனில் 5 × 10²² அணுக்கள் உண்டு. சுயாதீன இலத்திரன்களோ, பாடநூல்களில் வழமையாக எடுக்கும் பெறுமானப்படி, 1.5 × 10¹⁰ மட்டுமே. முப்பதாயிரம் கோடி அல்ல, மூன்று இலட்சம் கோடிக்கும் அதிகமான அணுக்களுக்கு ஒரேயொரு சுயாதீன இலத்திரன். செம்பிலே அணுவுக்கு ஒன்று வீதம் இருக்கிறது.

ஒவ்வொரு இலத்திரனும் வெளியேறும்போது ஒரு வெற்றிடத்தை விட்டுப் போகிறது. அதுதான் துளை. ஆகவே தூய சிலிக்கனில் இலத்திரன் எண்ணிக்கையும் துளை எண்ணிக்கையும் சமன்.

படி 2: ஒரு பொசுபரசு அணுவை உள்ளே வையுங்கள்

பொசுபரசுக்கு ஐந்து வலுவளவு இலத்திரன்கள். அது ஒரு சிலிக்கன் அணுவின் இடத்தில் போய் அமர்கிறது. இடுக்கில் நுழைந்து நிற்பதல்ல, இடத்தையே பிடித்துக்கொள்கிறது என்பதைக் கவனியுங்கள். நான்கு இலத்திரன்கள் அயலவரோடு பிணைப்புப் போட்டுவிடும். ஐந்தாவதுக்கு வேலையில்லை.

வேலையில்லை என்பதால் மட்டும் அது கழன்றுவிடாது. பொசுபரசுக் கருவின் கூடுதல் நேர் ஏற்றம் அதை இழுத்துப் பிடிக்கத்தான் பார்க்கிறது. ஆனால் இந்த இழுவை வெற்றிடத்தில் அல்ல, சிலிக்கனுக்குள் நடக்கிறது. சிலிக்கனின் சார் அனுமதித்திறன் 11.7. அதாவது அதே தூரத்தில் இழுவை ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்காகத் தளர்ந்துவிடும். இழுவை தளர, இலத்திரனின் சுற்றுவட்டம் பல அணுக்களை உள்ளடக்கும் அளவுக்கு விரிந்துபோகிறது. விளைவு: அதைக் கழற்ற 0.045 இலத்திரன்வோல்ற்று போதும்.

“0.026ஐ விட 0.045 கூடத்தானே சேர்?” என்று ஒருவர் கேட்பார். கேட்க வேண்டும். விடை எண்ணிக்கையில் இருக்கிறது. கழன்ற இலத்திரன் போய் இருக்கக்கூடிய நிலைகள் கடத்தல் பட்டையில் (சுயாதீன இலத்திரன்கள் உலாவும் சக்தி நிலைகளின் தொகுதியில்) கன சென்ரிமீற்றருக்கு 10¹⁹ அளவில் உண்டு. திரும்பி வந்து ஒட்டிக்கொள்ள இருப்பதோ பொசுபரசு போட்ட அளவு இடங்கள் மட்டுமே, 10¹⁵ என்று வையுங்கள். வெளியே பல்லாயிரம் கதிரை, உள்ளே ஒரு கதிரை. ஒருமுறை வெளியேறியது திரும்பி வருவது அரிது. அதனால் அறைவெப்பநிலையில் கிட்டத்தட்ட எல்லாப் பொசுபரசு அணுக்களும் தம் ஐந்தாம் இலத்திரனைக் கொடுத்துவிடுகின்றன. இப்படிக் கொடுப்பதால்தான் அதற்கு ‘வழங்கி’ என்று பெயர்.

வழங்கிய பின் பொசுபரசு நேர் அயனாக நிற்கும், இலத்திரன் அலையும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பூச்சியம். மின்னைக் காவிச் செல்லும் இலத்திரன்களும் துளைகளும்தான் காவிகள். என்-வகை என்பது அலைகிற பெரும்பான்மைக் காவியின் குறியைச் சொல்லும் பெயர், கட்டியின் ஏற்றத்தை அல்ல.

படி 3: போரனும் காலி இடமும்

போரனுக்கு மூன்று வலுவளவு இலத்திரன்கள். ஒரு பிணைப்பு குறைவாக நிற்கும். பக்கத்துப் பிணைப்பிலிருந்து ஒரு இலத்திரன் அங்கே வந்தமரச் செலவாகும் சக்தியும் ஏறத்தாழ 0.045 இலத்திரன்வோல்ற்றுத்தான். வந்தமர்ந்தால் அது கிளம்பிய இடம் துளையாகிறது. இது ‘வாங்கி’, கிடைப்பது பி-வகை.

துளை எப்படி நகரும் என்று விளக்க என் வகுப்பு வாங்கே போதும். ஏப்ரல் வெயிலில் மின்விசிறிக்குக் கீழே உள்ள முதல் இடம் காலியானால் அடுத்தவன் நகருவான், அவனுக்கு அடுத்தவன் நகருவான், கடைசியில் காலி இடம் வாசலடிக்கு வந்து நிற்கும். பிள்ளைகள் எல்லோரும் விசிறிப் பக்கம் நகர்ந்தார்கள், காலி இடம் மட்டும் வாசல் பக்கம் போயிற்று. ஒவ்வொருவரும் எழும்பி, விலகி, அமர்ந்து நகர வேண்டியிருப்பதால் இது மெதுவாகவும் நடக்கும். மின்புலத்தில் ஒரு காவி எவ்வளவு இலகுவாக நகர்கிறது என்பதன் அளவே அசைதிறன். சிலிக்கனில் இலத்திரனின் அசைதிறன் 1350 என்றால் துளையுடையது 480 அளவு. அலகு, வோல்ற்று செக்கனுக்குச் சதுர சென்ரிமீற்றர்.

படி 4: கணிப்பானை எடுங்கள்

வழிகாட்டியின் உயிர் இங்கேதான். ஒரு சென்ரிமீற்றர் நீளம், குறுக்கே ஒரு மில்லிமீற்றர், தடிப்பு ஒரு மில்லிமீற்றர் உள்ள சிலிக்கன் துண்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நீளமான அரிசி மணி அளவு. நிறை 23 மில்லிகிராம், அதுவும் அரிசி மணிக்குக் கிட்டத்தான்.

கடத்துதிறனுக்கு ஒரே சூத்திரம்: காவிகளின் செறிவு × ஒரு காவியின் ஏற்றம் × அசைதிறன். இலத்திரனுக்கும் துளைக்கும் தனித்தனியே கண்டு கூட்ட வேண்டும்.

தூய துண்டு: 1.5 × 10¹⁰ஐ 1.6 × 10⁻¹⁹ஆல் பெருக்கினால் 2.4 × 10⁻⁹. இதை இரு அசைதிறன்களின் கூட்டுத்தொகையான 1830ஆல் பெருக்க 4.4 × 10⁻⁶ வரும். தலைகீழாக்கினால் தடைத்திறன் ஏறத்தாழ 2.3 இலட்சம் ஓம் சென்ரிமீற்றர். நம் துண்டின் நீளத்தைப் பரப்பால் பிரித்தால் 100. ஆகவே தடை 2.3 கோடி ஓம், அதாவது 23 மெகா ஓம். ஒன்பது வோல்ற்று மின்கலத்தைத் தொடுத்தால் அரை மைக்ரோ அம்பியர்கூட ஓடாது.

இப்போது கன சென்ரிமீற்றருக்கு 10¹⁵ வீதம் பொசுபரசு. 10¹⁵ × 1.6 × 10⁻¹⁹ × 1350 என்பது 0.216. தடைத்திறன் 4.6. துண்டின் தடை 460 ஓம். அதே மின்கலத்தோடு ஒரு சிவப்பு எல்.ஈ.டி.யைத் தொடராக இணைத்தால் 15 மில்லி அம்பியர் ஓடி நன்றாக எரியும்.

23 மெகா ஓம் இருந்த இடத்தில் 460 ஓம். ஐம்பதாயிரம் மடங்கு. இதற்காக உள்ளே போன பொசுபரசு எவ்வளவு? 5 கோடி சிலிக்கன் அணுக்களுக்கு ஒன்று. தம்பலகாமத்து அரிசியில் ஒரு மணி 20 மில்லிகிராம் என்று வைத்தால், 5 கோடி மணி என்பது ஆயிரம் கிலோ, ஐம்பது கிலோ மூடையில் இருபது மூடை. அந்த இருபது மூடைக்குள் ஒரேயொரு நெல். நம் துண்டுக்குள் போன மொத்தப் பொசுபரசின் நிறை ஒரு கிராமின் 200 கோடியில் ஒரு பங்கு.

இங்கே நின்று யோசியுங்கள். 5 கோடியில் ஒன்று என்பது அணுக்களோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. ஆனால் கடத்தலுக்கு அணுக்கள் கணக்கில்லை, காவிகள்தான் கணக்கு. ஏற்கெனவே இருந்த காவிகள் 1.5 × 10¹⁰, புதிதாக வந்தவை 10¹⁵. ஆளில்லாத ஊருக்குள் ஒரு பேருந்து நிறையச் சனம் வந்திறங்கினால் சந்தையே களைகட்டும். அதே பேருந்து கொழும்புக்குப் போனால் யார் கவனிப்பார்?

கொழும்பு போன நிலைதான் செம்புக்கு. நிலாவெளி விடுதிகளில் ஏசி பொருத்துகிறவர்கள் வளைக்கும் செம்புக் குழாயில், ஒட்சிசனை அகற்றுவதற்காகப் பொசுபரசு 0.015 முதல் 0.04 சதவீதம் வரை சேர்க்கப்பட்டிருக்கும். அதனால் அந்தச் செம்பின் கடத்துதிறன் கூடுவதில்லை, குறைகிறது. மின்கம்பிக்கு அதைப் பயன்படுத்தமாட்டார்கள். செம்பில் காவிக்குப் பஞ்சமில்லை. புதிதாக வந்த அணு ஓடுகிற இலத்திரன்களை இடறிவிடுவது மட்டுந்தான் மிச்சம். பொசுபரசு அதேதான், போய்ச்சேர்ந்த இடந்தான் வேறு.

பொசுபரசுக்குப் பதில் அதே அளவு போரன் போட்டால்? 1350ஐ எடுத்துவிட்டு 480 போட்டுப் பாருங்கள். 1300 ஓம் வரும். ஒரே அளவு மாசு, ஆனால் பி-வகைத் துண்டின் தடை ஏறத்தாழ மூன்று மடங்கு. வாங்கில் காலி இடம் மெதுவாக நகர்வதன் விலை அது.

படி 5: சிறுபான்மையை மறக்காதீர்கள்

என்-வகையில் துளைகள் அப்படியே இருக்கும் என்று நினைப்பது பொதுவான பிழை. இலத்திரன் பெருகினால் துளைகள் அதிகம் சந்தித்து நிரம்பிப் போகும். இரண்டின் பெருக்கம் மாறாது, தூய நிலையிலுள்ள எண்ணின் வர்க்கத்துக்குச் சமன். நம் துண்டில் துளைகள் 1.5 × 10¹⁰இலிருந்து 2.25 × 10⁵ஆகச் சரிந்துவிடும். வினாத்தாளில் இதைக் கேட்டால் ஒரு வரிதான்.

படி 6: சூடாக்குங்கள்

தேர்மிஸ்ரரை எடுங்கள். 25 பாகையில் 10 கிலோ ஓம் காட்டுவது, 40 பாகை வெந்நீரில் 5.3 கிலோ ஓம் அளவுக்கு இறங்கும். கன்னியா வெந்நீரூற்றில் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றும் நீரின் சூடு ஏறத்தாழ அவ்வளவுதான், வீட்டில் கலந்தெடுக்கலாம்.

முதல் தடவை நான் இதைச் செய்தபோது 5.3 வரவில்லை. மூன்றுக்குக் கிட்ட எண் நின்றது, நின்றது என்றுகூடச் சொல்ல முடியாது, ஓடிக்கொண்டே இருந்தது. தேர்மிஸ்ரர் பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக இருந்தேன். பழுது என்னிடம். எங்கள் வீட்டுக் கிணறு உவர். தேர்மிஸ்ரரின் கம்பிக் காலிரண்டையும் மூடாமல் வெறுமனே அந்த நீருக்குள் விட்டதால், தேர்மிஸ்ரருக்குச் சமாந்தரமாக உப்பு நீரும் மின்னைக் கடத்திவிட்டது. கால்களைப் பலூன் துண்டால் கட்டி இறக்கியபின் எண் சரியாக வந்தது.

அந்தப் பிழை எனக்கு ஒரு பாடக்குறிப்பானது. ‘உப்புப் போட்டால் நீர் கடத்துவதுபோல, மாசு போட்டால் சிலிக்கன் கடத்துகிறது’ என்று சிலர் எழுதுவார்கள். நிலாவெளி உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது சட்டென்று பிடித்தும் போகும். பாதிதான் சரி. உப்பு நீரில் ஓடுவது உப்பின் அயன்களே. சிலிக்கனில் பொசுபரசு அயன் சாலகத்தில் (பளிங்கின் அணு அடுக்கில்) அசையாமல் நிற்கும், அது விட்டுக்கொடுத்த இலத்திரன் மட்டுமே ஓடும். அயனும் ஓடுமென்றால் உங்கள் தொலைபேசியின் சில்லு சில நாளில் கலங்கிப்போயிருக்கும்.

இனிக் கவனமாக வாசியுங்கள், ஏனென்றால் குறிப்புப் புத்தகங்கள் இங்கே வழுக்கும். தேர்மிஸ்ரர் என்பது உலோக ஒட்சைட்டுகளால் சுட்டெடுத்த குறைகடத்தி. சூடானால் தடை குறைகிறது. தூய சிலிக்கனும் அப்படியே, வெப்பம் மேலும் மேலும் பிணைப்புகளை உடைக்கும். ஆனால் மாசூட்டிய சிலிக்கன் அறைவெப்பநிலையை ஒட்டி எதிர்ப்பக்கம் போகும்! மாசு கொடுக்க வேண்டிய காவிகளை எல்லாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டது. எண்ணிக்கை கூட வழியில்லை. சாலக அதிர்வு மட்டும் கூடி, அசைதிறனைக் குறைக்கிறது. ஆகவே தடை ஏறும், உலோகத்தைப்போல. இதை வைத்தே வெப்ப உணரி செய்கிறார்கள். கேரீவை 81 என்ற சிலிக்கன் உணரி ஒன்று 25 பாகையில் 1000 ஓம், 100 பாகையில் 1700 ஓம் அளவு.

வெப்பநிலைக்கு எதிரான முழு வரைபு மூன்று துண்டானது. மிகக் குளிரில் இலத்திரன்கள் பொசுபரசோடு உறைந்து ஒட்டியிருக்கும், கடத்தல் விழும். நடுவே நீண்ட சமவெளி, காவி எண்ணிக்கை மாசின் எண்ணிக்கையே. நம் துண்டுக்கு ஏறத்தாழ 250 பாகைச் செல்சியசுக்கு அப்பால் பிணைப்பு உடைந்து வரும் காவிகள் மாசை மூழ்கடித்துவிடும், என்-வகை என்ற அடையாளமே போய்விடும். மின்னணுக் கருவிகள் எல்லாம் சீவிப்பது அந்தச் சமவெளியில்தான்.

படி 7: அளவு மிஞ்சினால்

10¹⁵ஐ 10¹⁹ ஆக்கினால் கடத்துதிறன் பத்தாயிரம் மடங்கு ஆகும் என்று எதிர்பார்ப்போம். ஆகாது. ஏறத்தாழ 800 மடங்குதான். நேர் அயன்கள் நெருங்கி நெருங்கி நிற்பதால் ஓடும் இலத்திரன் ஒவ்வொன்றிலும் திசை திரும்பி, அசைதிறன் 100 அளவுக்கு விழுந்துவிடும்.

போரனும் பொசுபரசும் சேர்ந்து இருந்தால் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். 10¹⁵ போரன் உள்ள துண்டில் 3 × 10¹⁵ பொசுபரசு போட்டால் மிஞ்சுவது 2 × 10¹⁵ இலத்திரன்கள், துண்டு என்-வகைக்கு மாறிவிடும். திரான்சிஸ்டர் கட்டுவதே இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக மாசை மிஞ்சவிட்டுத்தான். இரண்டும் சரிசமனாக இருந்தால் தடை தூய சிலிக்கன் அளவுக்கு ஏறும். அதற்காக அதைத் தூய சிலிக்கன் என்று சொல்லிவிட முடியாது. கணக்கில் பூச்சியம் வந்தாலும் குப்பை உள்ளேதான் இருக்கிறது.

படி 8: உள்ளே எப்படிப் போடுகிறார்கள்

சிலிக்கன் 1414 பாகையில் உருகும். உருகலுக்குள் சிறிது போரனையோ பொசுபரசையோ கலந்து, ஒரு சிறு வித்துப் பளிங்கைத் தொடவைத்துச் சுழற்றியபடி மெல்ல மேலே இழுத்தால் தூண்போல ஒற்றைப் பளிங்கு வளரும். 1916இல் போலந்து விஞ்ஞானி யான் சொக்ரால்ஸ்கி உலோகங்களில் கண்டறிந்த முறையின் வழிவந்தது இது. பின்னர் மெல்லிய தகடாக அரிந்து, 900 பாகைக்கு மேற்பட்ட உலையில் பொசுபரசு ஆவியைப் படரவிடலாம். அல்லது அயன்களை விரைவாக்கிச் சுட்டுப் புதைத்து, பின் சூடாக்கிச் சாலகக் காயத்தை ஆற்றலாம். ஒரு காலத்தில் நிலக்கரி மின்நிலையம் வரவிருந்த சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்கம் வைத்தார்கள். சிலிக்கன் சூரியத் தகடு எதுவானாலும் உள்ளே இருப்பது இந்த இருவகை மாசின் எல்லைக்கோடுதான்.

அந்த எல்லைக்கோட்டை முதலில் யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. 1940இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஆய்வாளர் ரசல் ஓல் வைத்திருந்த சிலிக்கன் துண்டொன்று, வெளிச்சம் பட்டதும் அரை வோல்ற்று அளவுக்கு மின்னழுத்தம் காட்டியது. உருகியது உறையும்போது மாசுகள் சமனாகப் பிரியாமல், ஒரு பக்கம் ஒரு வகையும் மறுபக்கம் மற்ற வகையுமாகத் தேங்கிவிட்டிருந்தன. துண்டை அறுத்தபோது வந்த மணம் பொசுபரசின் வாயுச் சேர்வையான பொசுபீனுடையது என்று உடனிருந்த இரசாயனவியலாளர்கள் பிடித்தார்கள். பொசுபரசு மூக்கில் அகப்பட்டது!

படி 9: உங்கள் கையிலேயே பாருங்கள்

மாசின் அளவு வேறுபாட்டை வீட்டில் காண ஒரு வழி உண்டு. மல்ரிமீற்றரை டயோட் சோதனை நிலைக்கு மாற்றுங்கள். பீசி 547இன் தட்டைப் பக்கத்தை உங்களை நோக்கிப் பிடித்தால் நடுக்கால்தான் பேஸ். சிவப்புக் கம்பியை அதில் வைத்து, கறுப்பால் எமிற்றர், கலெக்ரர் என்ற மற்ற இரு கால்களையும் மாறிமாறித் தொடுங்கள். இரண்டும் 0.6க்கும் 0.7 வோல்ற்றுக்கும் இடையில் காட்டும், ஆனால் ஒரே எண்ணாக இராது. மூன்றாம் தசம தானத்தில் சிறு வித்தியாசம் தெரியும். விரலால் திரான்சிஸ்டர் உடலைப் பிடிக்காதீர்கள், உடற்சூட்டிலேயே எண் இறங்கிவிடும்.

எமிற்றரில் மாசு மிக அதிகம், கலெக்ரரில் குறைவு, பேஸோடு அவை சேரும் எல்லைகளான இரு சந்திகளின் பரப்பும் வேறு. வித்தியாசம் அங்கிருந்து வருகிறது. தொலைபேசி திருத்துகிற தம்பிமாருக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படாது. கால் அடையாளம் அழிந்துபோன திரான்சிஸ்டரை மீற்றரில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, எண் பெரிதாக வந்த காலைக் காட்டிச் சொல்வார்கள்: “இதுதான் அண்ணை எமிற்றர்.”